மரம் முற்றும் முன்னே உளி வைக்கலாமோ?

(தோட்ட மக்கள் கூட்டமொன்றில், கஞ்சாப் பழக்கத்தின் நீண்டகால விளைவுகள் குறித்து ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

விடியுமுன் எழுந்து, பிரட்டுக்குச் சென்று, இருளிலும் பனியிலும் நெற்றி விளக்கின் ஒளியில் மரம் மரமாக நடந்து பால் வெட்டி, வாளி சுமந்து, உடல் களைத்து வீடு திரும்பிய நீங்கள், ஓய்வுக்குரிய இம்மாலை வேளையை நமக்கு அளித்திருக்கின்றீர்கள். அவ்வேளையின் அருமையை நாம் அறிவோம். ஆதலின், அச்சுறுத்தும் சொற்களையோ அலங்காரச் சொற்களையோ அடுக்காமல், கஞ்சாவைக் குறித்து இன்று அறியப்பட்டுள்ள உண்மைகளை உள்ளவாறே எடுத்துரைக்க விழைகின்றோம். மிகைப்படுத்திச் சொன்னால் பெரியவர்கள் தலையசைப்பர். ஆனால் இளைஞர்கள் நம்பமாட்டார்கள். ஒரு பொய்யைக் கண்டுகொண்ட இளைஞன், நாம் கூறும் ஒன்பது மெய்களையும் அதனோடு சேர்த்துத் தள்ளிவிடுவான். இப்பொருளில் மெய்யே போதிய எச்சரிக்கையாகும்.

கள்ளுக்கடையை மூடச் சொன்ன தலைமுறை

போதையை எதிர்த்து நிற்பது தோட்ட மக்களுக்குப் புதிதன்று. அந்நாளில் தோட்டங்களில் கள்ளுக்கடைகள் இருந்தன. பகலெல்லாம் உழைத்துப் பெற்ற கூலியில் ஒரு பங்கு, மாலையில் அக்கடைகளுக்கே திரும்பிச் சென்றது. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபொழுது, சம்பள உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்றாக இருந்தது. போர் முடிந்த பின்னர், 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடா மாநிலத்துத் தோட்டங்களில் தொண்டர் படையினர் கள்ளுக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தனர். கல்வியும் வசதியும் குறைந்திருந்த அம்மக்கள், தம்மை வறுமையில் ஆழ்த்துவது எது என்பதைத் தாமே உணர்ந்து, அதனை அகற்றுமாறு தாமே கேட்டனர் என்பது நாம் பெருமையுடன் நினைத்துப் பார்க்கத்தக்க செய்தியாகும்.

கள்ளுக்கடைக்கு ஒரு கதவு இருந்தது. திறக்கும் நேரமும் மூடும் நேரமும் இருந்தன. யார் போகின்றார், யார் தள்ளாடி வருகின்றார் என்பதை ஊரே கண்டது. கஞ்சாவுக்கோ கதவில்லை. அது சட்டைப்பையில் வருகின்றது. பந்துத் திடலின் பின்புறத்திலும், ஆளில்லாத பழைய வீடுகளிலும், பாலமரக் காட்டின் ஓரத்திலும் கைமாறுகின்றது. வாயில் மதுவின் நெடி இல்லாமையால், மகன் நல்லவனாகவே இருக்கின்றான் எனத் தாய் நம்பிக்கொண்டிருக்கின்றாள். கண்ணுக்குத் தெரியாத இப்பகையை அறிந்துகொள்வதே முதற் கடமையாகும்.

கஞ்சா என்பது யாது?

கஞ்சா ஒரு செடி. அதன் இலையையும், சிறப்பாக அதன் பூங்கொத்தையும் உலர்த்திப் புகைக்கின்றனர். மயக்கந்தரும் முதன்மையான பொருள் டெட்ரா ஹைட்ரோ கன்னாபினால் என்பதாகும், சுருக்கமாக டி.எச்.சி. என்பர். 1964ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டு ஆய்வாளர்கள் இதனைப் பிரித்தெடுத்து, இதன் அமைப்பை விளக்கினர்.

இப்பொருள் மூளையில் எவ்வாறு வேலை செய்கின்றது? நமது மூளையில் நினைவு, பசி, உறக்கம், உடலசைவு, மகிழ்ச்சி ஆகியவற்றைச் சீராக நடத்துவதற்கென உடலே சுரக்கும் இயற்கைப் பொருள்கள் சில உள்ளன. அவற்றுள் ஒன்றை 1992இல் கண்டுபிடித்தவர்கள், ஆனந்தம் என்னும் வடசொல்லை அடியாகக் கொண்டு அதற்கு ஆனந்தமைட் எனப் பெயரிட்டனர். இவ்வியற்கைப் பொருள் திறவுகோல் போன்றது. அது பொருந்துவதற்கான பூட்டுகள் மூளையெங்கும் உள்ளன. கஞ்சாவின் டி.எச்.சி. கள்ளச் சாவியைப் போல் அப்பூட்டுகளில் நுழைகின்றது. உடல் தன் சாவியைத் தேவையான வேளையில், தேவையான இடத்தில், தேவையான அளவே பயன்படுத்தும். கள்ளச் சாவியோ எல்லாப் பூட்டுகளையும் ஒரே வேளையில் திறந்துவிடுகின்றது. அதனால்தான் சிரிப்பும், பசியும், காலம் நீண்டது போன்ற உணர்வும், மறதியும், சிலருக்கு நடுக்கமும் அச்சமும் ஒன்றுசேர்ந்து உண்டாகின்றன.

இன்னுமொன்றையும் கூறுதல் வேண்டும். டி.எச்.சி. கொழுப்பில் கரைந்து தங்கும் இயல்புடையது. நாள்தோறும் புகைத்தவரின் சிறுநீரில், நிறுத்திப் பல வாரங்கள் கழிந்த பின்னரும் அதன் தடயத்தைக் காண இயலும். இன்றைய கஞ்சா முன்னாளையதைக் காட்டிலும் வீரியம் மிக்கதாகவும் மாறியுள்ளது. அமெரிக்காவில் கைப்பற்றப்பட்ட கஞ்சாவைச் சோதித்தபொழுது, 1995இல் ஏறத்தாழ 4 விழுக்காடாக இருந்த டி.எச்.சி. அளவு, 2014இல் ஏறத்தாழ 12 விழுக்காடாக உயர்ந்திருந்தது. “எங்கள் பாட்டனார் புகைத்தார், அவருக்கு என்ன வந்தது?” என்று வினவுவோர், பாட்டனார் புகைத்ததும் பேரன் புகைப்பதும் ஒன்றல்ல என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மின்சிகரெட் திரவத்தில் கலந்து விற்கப்படும் செயற்கைக் கஞ்சாப் பொருள்களோ இதனினும் கடுமையானவை. அவற்றில் என்ன கலந்துள்ளது என்பதை விற்பவனும் அறியான்.

முற்றாத மரமும் முதிராத மூளையும்

இரப்பர் மரத்தைப் பற்றி உங்களுக்கு நாம் கற்பிக்க வேண்டுவதில்லை. கன்று நட்டவுடன் எவரும் பால் வெட்டுவதில்லை. ஐந்தாறு ஆண்டுகள் காத்திருந்து, அடிமரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 45 சென்டிமீட்டரை எட்டிய பின்னரே உளி வைக்கின்றோம். அவசரப்பட்டு முன்னரே வெட்டினால், மரம் பருக்காது, பாலும் பெருகாது, காற்றடித்தால் முறியவும் கூடும். வெட்டும்பொழுதும் பட்டையின் உட்புறத்தே உள்ள வளர்படலத்தில் உளி படாதவாறு, ஒரு மில்லிமீட்டர் அளவேனும் விட்டு வெட்டுகின்றோம். அப்படலம் காயமுற்றால் புதுப்பட்டை ஒழுங்காக வளராது. முடிச்சும் முண்டும் உண்டாகி, மறுமுறை அவ்விடத்தில் உளி ஓடாது.

மனித மூளையும் அத்தகையதே. உடல் பதினெட்டு வயதில் வளர்ந்துவிட்டதாகத் தோன்றினாலும், மூளை ஏறத்தாழ இருபத்தைந்து வயது வரை முதிர்ந்துகொண்டே இருக்கின்றது. அதிலும் ஆராய்ந்து முடிவெடுக்கும் ஆற்றலுக்கும் தன்னைத்தான் அடக்கும் ஆற்றலுக்கும் உரிய முன்பகுதியே இறுதியாக முதிர்கின்றது. பதினான்கு, பதினைந்து வயதில் கஞ்சா புகைப்பவன், முற்றாத மரத்தில் உளி வைப்பவன் ஆவான்.

நியூசிலாந்து நாட்டின் டனீடின் நகரில் 1972, 1973ஆம் ஆண்டுகளில் பிறந்த 1,037 பேரைக் குழந்தைப் பருவம் முதல் ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்து வந்தனர். அவர்தம் 38ஆம் வயது வரையிலான முடிவுகள் 2012இல் வெளிவந்தன. பதின்ம வயதில் கஞ்சாவுக்கு அடிமையாகி, ஆண்டுக்கணக்கில் அதனைத் தொடர்ந்தவர்களின் அறிவுத்திறன் அளவு சராசரியாக 8 புள்ளிகள் குறைந்திருந்தது. முதிர்ந்த வயதில் தொடங்கியவர்களிடம் இத்தகைய வீழ்ச்சி காணப்படவில்லை. இரட்டைப் பிள்ளைகளை ஒப்பிட்ட பின்னாளைய ஆய்வுகள் சில, குடும்பச் சூழலும் இவ்வீழ்ச்சிக்கு ஒரு காரணமாகலாம் எனக் கூறியுள்ளன என்பதையும் நாம் மறைக்கவில்லை. எனினும், நாள்தோறும் புகைக்கும் மாணவனின் நினைவாற்றலும் கவனமும் குன்றும் என்பதில் ஐயமில்லை. காலையில் படித்தது மாலையில் மறந்துபோகின்றது, பாடம் சுமையாகின்றது, பள்ளி கசக்கின்றது, பின்னர்ப் பள்ளியே நின்றுபோகின்றது. தன் பிள்ளையேனும் உளியைத் தொடாமல் பேனாவைத் தொடவேண்டும் என்று எண்ணி உழைக்கும் தந்தைக்கு இதனினும் பெரிய இழப்பு யாது?

ஒரு குடும்பத்தின் கதை

நாம் நன்கறிந்த குடும்பம் ஒன்று உண்டு. பெயரும் தோட்டமும் வேண்டா. தந்தை இருபத்தாறு ஆண்டுகள் பால் வெட்டியவர், தாயும் வெட்டுக்காரரே. மூத்த மகன் பதினைந்து வயதில் நண்பர்களோடு கஞ்சா புகைக்கத் தொடங்கினான். பதினெட்டு வயதில் அவனது போக்கு மாறியது. யாரோ தன்னைப் பற்றிப் பேசுகின்றனர் என்றான், சன்னல்களை அடைத்தான், கோயில் ஒலிபெருக்கி தன்னையே திட்டுகின்றது என்றான், இரவெல்லாம் விழித்திருந்தான்.

செய்வினை என்றனர் உறவினர். பூசாரி ஒருவரிடம் சென்றனர், தாயத்துக் கட்டினர். பிறகு வேறோர் ஊரில் மற்றொருவரிடம் சென்றனர். தாயின் சங்கிலி அடகுக்கடைக்குப் போயிற்று. ஓராண்டு இவ்வாறே கழிந்தது. இறுதியில், காய்ச்சலுக்கு மருந்து வாங்கச் சென்ற வேளையில், தோட்டத்து டிரசர் அவனைத் தனியே அழைத்து, “தம்பி, நீ என்ன புகைக்கிறாய்? என்னிடம் சொல், நான் உன்னை அடிக்கப் போவதில்லை” என்று கேட்டார். ஓராண்டாக அவ்வினாவை எவரும் அவனிடம் கேட்டதில்லை. அவன் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கூறினான்.

அரசாங்க மருத்துவமனையின் மனநலப் பிரிவில் அவனுக்குச் சிகிச்சை தொடங்கியது. கஞ்சா ஒன்றே இதற்குக் காரணம் என மருத்துவர் அறுதியிட்டுக் கூறவில்லை. அவனுடைய தாய்மாமனுக்கும் இத்தகைய நோய் இருந்ததை அவர் கேட்டறிந்தார். குடும்பத்தில் அந்நோயின் வித்து இருக்கும்பொழுது, கஞ்சா அதற்கு நீர் வார்க்கின்றது என்றே விளக்கினார். இன்று அவன் மருந்துண்டு, புகையை விட்டு, நாற்றுப் பண்ணையில் வேலை செய்கின்றான். எனினும் முன்னிருந்த சுறுசுறுப்பு முழுமையாகத் திரும்பவில்லை. “ஐயா, அந்த ஒரு வருடத்தை யார் எனக்குத் திருப்பித் தருவார்?” என்று அத்தாய் நம்மிடம் கேட்டார். அவ்வினாவுக்கு நம்மிடம் விடையில்லை. அவ்வினாவே இன்று நம்மை இங்கே அழைத்து வந்துள்ளது.

மனநோய் குறித்து ஆய்வு கூறுவது என்ன? சுவீடன் நாட்டில் 1969, 1970ஆம் ஆண்டுகளில் படைச் சேவைக்கு அழைக்கப்பட்ட 45,570 இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா புகைத்தவர்களுக்கு, மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு புகைக்காதவர்களைக் காட்டிலும் ஆறு மடங்காக இருந்ததை 1987இல் வெளியிட்டனர். பிற காரணங்களைக் கணக்கிற் கொண்டபொழுது அம்மடங்கு குறைந்தது, ஆயின் மறைந்துவிடவில்லை. அதன் பின்னர் வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளும் இத்தொடர்பை உறுதி செய்துள்ளன. மனச்சிதைவு ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு வரக்கூடிய நோய். ஆகவே, புகைப்பவர் அனைவருக்கும் அது வரும் என்பதன்று நமது கூற்று. இளவயதில் தொடங்குவோர்க்கும், அடிக்கடி புகைப்போர்க்கும், வீரியம் மிக்கதைப் புகைப்போர்க்கும், குடும்பத்தில் அந்நோய் உடையோர்க்கும் ஆபத்து மிகுதி என்பதே உண்மை. அந்த ஒருவர் யார் என்பதை முன்கூட்டியே எவரும் அறியார்.

உடலுக்கு வரும் கேடு

கஞ்சாப் புகையிலும் சிகரெட்டுப் புகையிலுள்ளவாறே தாரும் கரியமில நச்சு வாயுவும் உண்டு. நெடுங்காலம் புகைப்பவர்க்கு இருமல், சளி, நெஞ்சிரைப்பு ஆகியவை நிலைத்துவிடுகின்றன. புகைப்பதை விட்டால் இவை பெரும்பாலும் தணியும் என்பது ஆறுதலான செய்தி. நுரையீரல் புற்றுநோய் குறித்த சான்றுகள் இன்னும் முடிவாகவில்லை. ஆனால் நம் நாட்டில் கஞ்சாவைப் புகையிலையோடு கலந்து புகைப்பவர் பலராதலின், புகையிலையின் கேடு ஐயத்திற்கு இடமின்றி அவர்களைச் சேர்கின்றது.

புகைத்தவுடன் நெஞ்சு படபடக்கின்றது. இளைஞன் அதனைத் தாங்குவான். இதய நோயுடைய ஐம்பது வயதுத் தொழிலாளிக்கு அது தீங்காக முடியலாம். நெடுநாள் மிகுதியாகப் புகைப்பவருள் சிலருக்கு ஓயாத வாந்தியும் வயிற்றுவலியும் வருகின்றன. 2004இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் இதனை முதன்முதலாக விவரித்தனர். சுடுநீரில் மீண்டும் மீண்டும் குளித்தால் மட்டுமே சற்றுத் தணிவது இதன் அடையாளம். கஞ்சாவை நிறுத்துவதே இதற்கு நிலையான மருந்து.

கருவுற்ற பெண் புகைத்தால், டி.எச்.சி. நச்சுக்கொடி வழியாகக் கருவைச் சென்றடைகின்றது. குழந்தை எடை குறைந்து பிறக்கும் வாய்ப்பு மிகுகின்றது. மசக்கைக்கு இது மருந்தென எவரேனும் கூறினால் நம்பற்க.

உளி பிடிக்கும் கையை நினைத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் கணக்கில் வெட்ட வேண்டிய கைக்கு, கண்ணும் மனமும் துணைநிற்றல் வேண்டும். கஞ்சா அவ்விணக்கத்தைக் குலைக்கின்றது. மரத்தில் காயம் பட்டால் கங்காணி ஏசுவதோடு போகும். அதே மயக்கத்தோடு மோட்டார் சைக்கிளில் செம்மண் சாலையிலிருந்து பெருஞ்சாலையில் ஏறினால், உயிரே போகும். மதுவும் கஞ்சாவும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் பெருகும்.

விட முடியாத பிடி

“கஞ்சாவுக்கு எவரும் அடிமையாவதில்லை, நினைத்தால் விட்டுவிடலாம்” என்பது பரவலாக நிலவும் கூற்று. கஞ்சாவை எப்பொழுதேனும் தொட்டவருள் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பேர் அதற்கு அடிமையாகின்றனர் என்றும், பதின்ம வயதில் தொடங்கியவருள் ஏறத்தாழ ஆறுபேருக்கு ஒருவர் அடிமையாகின்றார் என்றும் ஆய்வுகள் கணக்கிட்டுள்ளன. விட்டவுடன் எரிச்சல், உறக்கமின்மை, பசியின்மை, மனக்கலக்கம் ஆகியன தோன்றுகின்றன. முதல் வாரத்தில் இவை கடுமையாக இருக்கும். இரண்டு வாரங்களில் பெரும்பாலும் தணியும். “அவன் விட்டுவிட்டான், ஆனால் வீட்டில் எல்லார் மீதும் எரிந்து விழுகின்றான்” என்று தாய் கூறும் நாள்களே, அவன் போராடிக்கொண்டிருக்கும் நாள்களாகும். அவ்விரு வாரங்களில் ஏச்சைக் குறைத்து, வேளைக்குச் சோறிட்டு, பழைய நண்பர் குழுவிடமிருந்து விலக்கி வைப்பது பெருந்துணையாகும்.

கஞ்சா புகைப்பவர் அனைவரும் வேறு போதைப்பொருளுக்குத் தாவுவர் என்று கூறுவதற்கில்லை. ஆனால் கஞ்சாவை விற்பவனே சியாபுவையும் பையில் வைத்திருக்கின்றான் என்பதை மறக்கலாகாது. நம் நாட்டில் இன்று மிகப் பலரைச் சீரழிப்பது அந்தச் சியாபுவே. கஞ்சா வாங்கச் செல்லும் இளைஞன், அவ்வாசலில் போய் நிற்கின்றான்.

குடும்பத்தின் கணக்கு

நாளொன்றுக்குப் பத்து வெள்ளி கஞ்சாவுக்குச் செல்கின்றது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 3,650 வெள்ளி ஆகின்றது. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. அக்கணக்கில் பார்த்தால், ஆண்டில் இரண்டு மாதத்திற்கும் மேற்பட்ட உழைப்பு புகையாகப் போகின்றது. பிள்ளையின் பள்ளிச் சீருடை, தீபாவளித் துணி, முதியவரின் மருந்து ஆகிய யாவும் அப்புகையில் அடக்கம்.

பணத்தினும் பெரிய இழப்பு ஒன்றுண்டு. நாள்தோறும் புகைப்பவன் மெல்ல மெல்லப் பின்வாங்குகின்றான். பிரட்டுக்கு வரும் நாள் குறைகின்றது, பேச்சுக் குறைகின்றது, தங்கையின் திருமணப் பொறுப்பில் பங்கு கொள்ளாதவனாகின்றான். வீட்டிலேயே இருந்தும் வீட்டில் இல்லாதவன் ஆகின்றான். திருவள்ளுவர் கள்ளுண்ணாமை என்னும் அதிகாரத்தை அறத்துப்பாலில் வைக்காது பொருட்பாலில் வைத்தார்; அதற்கடுத்துச் சூதினையும், அதற்கடுத்து மருந்தினையும் வைத்தார். மயக்கம் ஒருவனது ஒழுக்கத்தை மட்டுமன்றி, அவனது வாழ்வாதாரத்தையும் உடலையும் தொடும் பொருள் என்பதற்கு அவ்வரிசையே சான்று பகர்வது போல் நமக்குத் தோன்றுகின்றது.

சட்டம் கூறுவது

நம் நாட்டில் 1952ஆம் ஆண்டின் அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ்க் கஞ்சா தடை செய்யப்பட்டுள்ளது. சிறிதளவு வைத்திருந்தாலும் ஐந்தாண்டு வரை சிறையோ, 20,000 ரிங்கிட் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 50 கிராமும் அதற்கு மேலும் வைத்திருந்தால் ஐந்தாண்டுக்குக் குறையாத சிறையும் பிரம்படியும் உண்டு. 200 கிராமும் அதற்கு மேலும் வைத்திருப்பவர் கடத்தல்காரர் என்றே சட்டம் அனுமானிக்கின்றது. கடத்தலுக்கு 1983 முதல் தூக்குத் தண்டனை கட்டாயமாக இருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டம் அக்கட்டாயத்தை நீக்கியது. எனினும் தூக்குத் தண்டனையோ, ஆயுட்சிறையும் பிரம்படியுமோ விதிக்கும் அதிகாரம் நீதிபதிக்கு உண்டு.

இளைஞர்களே, “இந்தப் பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடு, ஐம்பது வெள்ளி தருகின்றேன்” என்று எவரேனும் கூறினால், அப்பொட்டலத்தின் எடை என்ன என்பதை நீங்கள் அறியீர்கள். சட்டமோ அதனை நிறுத்துப் பார்க்கும்.

சிலர் கூறும் சமாதானங்கள்

“இது மூலிகைதானே? சித்த மருத்துவத்தில் உள்ளதே?” என்பர். உண்மைதான், மருந்தாகச் சிறிதளவு, முறைப்படி பக்குவம் செய்து, நோயறிந்து கொடுப்பது வேறு, பந்துத் திடலின் பின்புறம் நாள்தோறும் புகைப்பது வேறு. எட்டியும் மூலிகைதான்.

“சாமியார்கள் புகைக்கின்றனரே?” என்பர். வீடும் வேலையும் பிள்ளைகளும் வேண்டா என்று துறந்தவரோடு, மூன்று பிள்ளைகளின் தந்தை தம்மை ஒப்பிடலாகாது. காவல் தெய்வத்திற்குச் சுருட்டுப் படைக்கும் வழக்கத்தைச் சாக்காகக் கொண்டு கஞ்சாவைக் கோயிலுக்குள் கொணர்வது, தெய்வத்தின் பெயரால் நம் பிள்ளைகளை ஏமாற்றுவதாகும்.

“தாய்லாந்தில் அனுமதித்துவிட்டனரே?” என்பர். அந்நாடு 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து நீக்கியது மெய்யே. ஆனால் கட்டுப்பாடின்றிப் பெருகியதைக் கண்டு, 2025 ஜூனில் கஞ்சாப் பூவை மருத்துவச் சீட்டின்றி விற்கலாகாது என மீண்டும் விதித்ததும் மெய்யே. எல்லைக்கு அப்பால் வாங்கியதை இப்பால் கொணர்பவரை நம் சட்டமே விசாரிக்கும்.

“மருத்துவர்களே கொடுக்கின்றனரே?” என்பர். வலிப்பு நோயுடைய குழந்தைகள் சிலருக்கு, கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுத்த, மயக்கந்தராத வேறொரு பொருள் சில நாடுகளில் மருந்தாகத் தரப்படுகின்றது. அபினியிலிருந்தும் வலிநீக்கி மருந்து எடுக்கின்றனர். அதனால் அபினி புகைப்பது நன்றாகிவிடாது.

நாம் செய்யத்தக்கவை

முதலாவதாக, பெற்றோர்களே, கேளுங்கள். கண் சிவத்தல், பணம் காணாமற்போதல், உறக்கம் மாறுதல், பழைய நண்பர்களை விட்டுப் புதியவரோடு திரிதல், படிப்பிலும் பந்தாட்டத்திலும் நாட்டங்குறைதல் ஆகியவற்றைக் கண்டால், அடிப்பதற்கு முன் கேளுங்கள். அடி உண்மையை வெளிக்கொணராது, மறைக்கவே கற்பிக்கும்.

இரண்டாவதாக, மறைக்காதீர்கள். ஊர் என்ன சொல்லுமோ என்றும், போலீஸ் வருமோ என்றும் அஞ்சிக் குடும்பம் மூடி வைக்கும் ஒவ்வொரு மாதமும் நோய்க்கு உரமாகின்றது. போதைக்கு அடிமையானவர் தாமே முன்வந்து சிகிச்சை கோருவதற்கு 1983ஆம் ஆண்டின் சட்டம் வழி வகுத்தது. வயது நிரம்பாதவருக்காகப் பெற்றோர் விண்ணப்பிக்கவும் இடமளித்தது. தேசியப் போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்தையோ, அரசாங்கச் சுகாதார நிலையத்தையோ நாடலாம். 1976இல் தோன்றிய பெமாடாம் இயக்கமும் இப்பணியில் ஈடுபட்டு வருகின்றது. கஞ்சாப் பழக்கத்தை நீக்க மாத்திரை ஏதும் இல்லை. ஆனால் முறையான ஆலோசனைச் சிகிச்சை பலருக்குப் பயன் தந்துள்ளது.

மூன்றாவதாக, காதில் குரல் கேட்கின்றது என்றோ, யாரோ தன்னைப் பின்தொடர்கின்றனர் என்றோ பிள்ளை கூறினால், காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். கோயிலுக்குச் செல்வதை நாம் தடுக்கவில்லை. அம்மனை வேண்டிக்கொண்டே மருத்துவமனைக்குச் செல்லலாம். தஞ்சோங் ரம்புத்தான் என்னும் ஊர்ப் பெயரை ஏளனச் சொல்லாக வழங்கும் வழக்கத்தையும் விட்டொழிப்போம். அவ்வேளனத்திற்கு அஞ்சியே பல குடும்பங்கள் காலங்கடத்துகின்றன.

நான்காவதாக, கோயில் நிர்வாகமும், இளைஞர் மன்றமும், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கமும் மாலை நேரத்தை வெற்றிடமாக விடாதிருத்தல் வேண்டும். பந்துத் திடலில் விளக்கெரிந்தால், அதன் பின்புறத்து இருளுக்கு வேலையிராது. திருந்தி வந்தவனைத் திருவிழாவில் காவடி தூக்கவும், பந்து விளையாடவும், வேலை செய்யவும் இடங்கொடுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒதுக்கி வைத்தால், அவனை ஏற்றுக்கொள்ள விற்பவன் ஒருவனே காத்திருப்பான்.

பெரியோர்களே! இரப்பர் மரத்திற்குப் பட்டை மீண்டும் வளரும். சில ஆண்டுகள் பொறுத்தால் வெட்டிய இடத்திலேயே மறுபடியும் வெட்டலாம். பதினைந்து வயதுக்கும் இருபது வயதுக்கும் இடைப்பட்ட ஐந்தாண்டுகளோ, ஒருமுறை போனால் மீண்டும் தளிர்ப்பதில்லை. அவ்வைந்தாண்டுகளை நம் பிள்ளைகளுக்குக் காத்துக் கொடுப்போம். அன்று கள்ளுக்கடையை மூடச் சொல்லி எழுந்து நின்ற பரம்பரையின் வழிவந்தவர்கள் நீங்கள். இன்று மூட வேண்டிய கடைக்குக் கதவில்லை. ஆகவே நம் வீட்டில் பேச்சின் கதவைத் திறந்து வைப்போம். இன்றிரவு வீடு சென்றதும், பிள்ளையை அருகில் அமர்த்தி, அன்போடு ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த டிரசர் கேட்ட அதே வினாவைத் தாயும் தந்தையும் ஓராண்டு முன்னரே கேட்டுவிடுவார்களாயின், இவ்வுரை தன் பயனை அடைந்துவிடும்.